நோரா டிராலியில் உறைகிறாள்: உளறல் கேரலின் கணக்கு

செய்தித்தாள் பாடாது. படக்கதைக் கட்டத்துக்குள் ஒரு முதலை வாயைப் பிளந்து பாடுவதாக வரையலாம். அதன் பலூனுக்குள் நாலு இசைக்குறிகளை மிதக்கவிடலாம். ஆனால் மெட்டு அந்தக் காகிதத்தில் இல்லை, படிக்கிறவரின் தலைக்குள்ளிருந்துதான் அது கிளம்ப வேண்டும். கிறிஸ்துமஸ் கேரலைக் கிண்டல் செய்து செய்தித்தாள் படக்கதையில் எழுதுகிறவருடைய முதல் சிக்கல் இதுதான். மேடையில் பாடுகிறவருக்குப் பியானோ துணைக்கு இருக்கிறது, வானொலியில் பாடுகிறவருக்குக் குரல் இருக்கிறது. இவர் கையில் இருப்பது எழுத்து மட்டும். அதுவும் அர்த்தமில்லாத எழுத்து.

இந்த வேலையை மற்ற எவரையும்விடச் சுத்தமாகச் செய்தவர் வால்ட் கெல்லி. 1913இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் வளர்ந்தவர். டிஸ்னி ஸ்டுடியோவில் அசைவூட்டக் கலைஞராக இருந்து 1941இல் வெளியேறினார். அவருடைய ‘போகோ’ படக்கதை 1948 அக்டோபரில் ‘நியூயார்க் ஸ்டார்’ நாளிதழில் தொடங்கியது. சில மாதங்களில் அந்த நாளிதழே மூடப்பட்டுவிட, 1949 மே முதல் சிண்டிகேட் (ஒரே படக்கதையைப் பல நாளிதழ்களுக்கு விற்கும் நிறுவனம்) வழியாக அமெரிக்கா முழுவதும் போனது. கதை நடக்கும் இடம் ஜார்ஜியாவின் தென்கோடியில் ஃபுளோரிடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஓக்கிஃபெனோக்கி சதுப்பு நிலம். போகோ என்ற ஒபாசம் (பைப்பாலூட்டி வகைச் சிறு விலங்கு), ஆல்பர்ட் என்ற முதலை, ஹௌலண்ட் என்ற ஆந்தை, சர்ச்சி லாஃபெம் என்ற பாட்டுக்கார ஆமை, போரிகார்ட் என்ற வேட்டைநாய் என்று ஒரு கூட்டமே அங்கே வாழ்கிறது. 1953இல், கம்யூனிஸ்ட் வேட்டையால் பேர்போன செனட்டர் மெக்கார்த்தியைக் காட்டுப்பூனையாக வரைந்து வம்பை விலைக்கு வாங்கிய அதே கெல்லிதான், டிசம்பர் வந்தால் எல்லா அரசியலையும் ஓரங்கட்டிவிட்டு இந்தக் கூட்டத்தை வரிசையாக நிற்கவைத்துப் பாடவிடுவார். அவர்கள் பாடுவது ‘டெக் த ஹால்ஸ்’. பாடும் சொற்கள் மட்டும் அதில் இல்லாதவை.

மூலப்பாட்டின் எலும்பை முதலில் பார்த்துவிடலாம். மெட்டு வேல்ஸ் நாட்டின் பழைய புத்தாண்டு இரவுப் பாட்டு, ‘நாஸ் கலன்’. முதல் ஆங்கில வரிகளை 1862இல் எழுதியவர் தாமஸ் ஆலிஃபன்ட், இன்று பாடப்படுவது பிறகு கொஞ்சம் மாறிய வடிவம். ஒவ்வொரு பாடலடியிலும் எட்டு ஒலித்துண்டுகள். அடிக்கு ஒருமுறை ‘ஃபா ல ல ல லா, ல ல ல லா’ என்று ஒன்பது துண்டுப் பல்லவி. சினிமாப் பாட்டு எழுதுகிறவர்கள் மெட்டுக்குத் தத்தகாரம் போடுவார்களே, அது இந்தப் பாட்டில் பல்லவியாகவே உட்கார்ந்திருக்கிறது. பாதிப் பாட்டு ஏற்கெனவே அர்த்தமற்ற ஒலி. மிச்சப் பாதியிலும் பழஞ்சொற்கள் மண்டிக் கிடக்கின்றன. ‘டான்’ (உடுத்து), ‘யூல்டைட்’ (கிறிஸ்துமஸ் காலம்) எல்லாம் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கர் டிசம்பரைத் தவிர வேறு மாதத்தில் வாயில் எடுக்காதவை. வாய் பாடும், மனம் அர்த்தம் கேட்காது. பகடிக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது.

கெல்லியின் முதல் அடி: ‘டெக் அஸ் ஆல் வித் பாஸ்டன் சார்லி’.

மூலத்தை அடியில் வைத்துப் பாருங்கள்: ‘டெக் த ஹால்ஸ் வித் பௌஸ் ஆஃப் ஹாலி’. ‘டெக்’ அப்படியே இருக்கிறது. மெட்டின் சாவி அதுதான், ஒன்றரைத் துடிப்பு நீளும் முதல் சுரம். நடுவில் ‘வித்’ அப்படியே இருக்கிறது. ‘ஹால்ஸ்’ என்பதிலிருந்து ‘ஆல்’ மிஞ்சுகிறது. ‘பௌஸ்’ என்பதன் ‘ப’வும் ‘ஸ’வும் ‘பாஸ்’ என்பதில் பத்திரமாக இருக்கின்றன. கடைசியில் ‘ஹாலி’ இருந்த இடத்தில் ‘சார்லி’. ஆறு சொல்லில் இரண்டு சொல் மூலத்திலிருந்து முழுசாக வந்தவை. மீதி நான்கில் மூன்று மூலத்தின் ஒலி மிச்சங்கள். அதனால்தான் தலைப்பில் ‘இன்ன பாட்டின் மெட்டில்’ என்று எழுதவேண்டிய தேவையே கெல்லிக்கு வரவில்லை. நான்காவது சொல்லுக்குள் படிக்கிறவர் மனதுக்குள் பாட ஆரம்பித்திருப்பார்.

இந்தக் காரியத்தில் கைவைக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ‘எல்லாவற்றையும் மாற்றினால்தானே வேடிக்கை’ என்று முதல் சொல்லையே மாற்றிவிடுவார்கள். மெட்டு கிளம்பாது. மெட்டு கிளம்பாவிட்டால் எஞ்சுவது புரியாத ஒரு பலூன், வாசகர் அடுத்த படக்கதைக்குப் போய்விடுவார். முதல் அழுத்தச் சொல்லைத் தொடாதே என்பது எழுதப்படாத விதி. ‘குட் கிங் வென்சஸ்லாஸ்’ கேரலைக் கெல்லி கையாண்டபோதும் ‘குட் கிங்’ என்ற இரண்டையும் தொடவில்லை, மூன்றாவது சொல்லில்தான் வேலையைக் காட்டினார். அதற்குப் பிறகு வருகிறேன்.

மெட்டு ஓட ஆரம்பித்தபிறகு தாராளமாக விலகலாம். இரண்டாவது பாடலடி ‘நோராஸ் ஃப்ரீஸின் ஆன் த டிராலி’ (டிராலி என்பது தெருவில் ஓடும் மின்சார வண்டி). மூலம் ‘டிஸ் த சீஸன் டு பி ஜாலி’. இங்கே ‘த’ என்ற சில்லறைச் சொல்லைத் தவிர ஒரு சொல்கூட மூலத்தில் உள்ளதில்லை. ஆனால் அழுத்தம் விழும் இரண்டு இடங்களில் மட்டும் ஒலி பிசகவில்லை: ‘சீஸன்’ இருந்த இடத்தில் ‘ஃப்ரீஸின்’, ‘ஜாலி’ இருந்த இடத்தில் ‘டிராலி’. ஆங்கிலக் காதுக்கு அழுத்த உயிரும் அடியின் கடைசி ஒலியும் போதும், நடுவில் இருக்கும் சில்லறைத் துண்டுகளை அது கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது பாடலடிதான் என் கணக்கில் உச்சம். மூலத்தில் ‘டான் வி நௌ அவர் கே அப்பேரல்’. கெல்லியிடம் ‘டோன்ட் வி நோ ஆர்க்கேயிக் பேரல்’. சொல்லை எங்கே வெட்டுவது என்பதை மாற்றியதைத் தவிர அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ‘அவர் கே அப்’ என்ற மூன்று சொல் துண்டுகள் ‘ஆர்-க்கே-யிக்’ என்ற ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கின்றன. ‘கே’ மேல் விழும் அழுத்தம் இம்மியும் நகரவில்லை, அது நீளும் ஒன்றரைத் துடிப்பும் நகரவில்லை. ‘ஆர்க்கேயிக்’ என்றால் வழக்கொழிந்தது என்று பொருள். வழக்கொழிந்த சொற்கள் நெருக்கியடிக்கும் அடியில் அந்தச் சொல்லையே நுழைத்தது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இப்போது பல்லவிக்கு வருவோம். கேரல் பகடி எழுதுகிற பலரும் ‘ஃபா ல ல’வை அப்படியே விட்டுவிடுவார்கள், ஏற்கெனவே உளறல்தானே என்று. கெல்லி அங்கேதான் அதிகம் உழைத்திருக்கிறார்.

ஒரு துடிப்பை அலகாக வைத்துக்கொண்டால் பல்லவியின் அளவு இப்படி: முதல் நான்கு துண்டுகளுக்கு அரை அரைத் துடிப்பு, ஐந்தாவதற்கு ஒன்றரை, ஆறாவதற்கு அரை, ஏழாவதற்கும் எட்டாவதற்கும் ஒவ்வொன்று, ஒன்பதாவதற்கு இரண்டு. மொத்தம் எட்டுத் துடிப்பு, ஒன்பது ஒலி.

கெல்லியின் முதல் பல்லவி ‘வாலா வாலா, வாஷ்., ஆன் கலமசூ’. எண்ணினால் பத்து ஒலி. ஒன்று கூடுதலாக வருகிறதே, இடிக்காதா? இடிக்காது. ‘வா-லா-வா-லா’ நான்கும் நான்கு அரைத் துடிப்புகளில் ஒன்றுக்கு ஒன்றாக அமர்கின்றன. ‘லா’ என்ற பழைய ஒலிகூட அங்கேயே இருக்கிறது. ‘வாஷ்’ ஒன்றரைத் துடிப்பை எடுத்துக்கொள்கிறது, ‘ஆன்’ அரையை. ‘கல’ இரண்டும் சேர்ந்து ஏழாவது சுரத்தின் ஒரு துடிப்பைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ‘ம’ எட்டாவதில், ‘சூ’ கடைசி இரண்டு துடிப்பில் நீள்கிறது. கூடுதல் ஒலி, இடம் உள்ள சுரத்துக்குள் போய் ஒண்டிக்கொண்டது.

இரண்டாவது பல்லவியில் ‘காலிஃப்ளவர்’ வந்து குதிக்கிறது. அதில் மொத்தம் பன்னிரண்டு ஒலி. இப்போது ஒன்றரையும் அரையும் சேர்ந்த இரண்டு துடிப்பும் நாலு அரையாக உடைகிறது, ‘கா-லி-ஃப்ள-வர்’. அதைத் தொடரும் ‘ஆலி-கரூ’ முன்போலவே ‘ஆ-லி’ ஒரு துடிப்பில், ‘க’ ஒன்றில், ‘ரூ’ இரண்டில். ஒன்பது பத்தாகி, பத்து பன்னிரண்டாகிறது. பாடுகிறவருக்கு மூச்சு இறுகும், நாக்கு புரளும், ஆனால் எட்டாவது துடிப்பில் எல்லோரும் சேர்ந்தே வந்து நிற்பார்கள். நீளும் சுரத்தை உடைத்து ஒலிகளை நுழைக்கலாம், துடிப்பை மட்டும் விழுங்கக்கூடாது. ஒன்பதுக்குப் பதில் எட்டு ஒலி எழுதினால், பாடுகிறவர் அந்தச் சுரத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று தெரியாமல் நிற்பார். குழுவாகப் பாடினால் ஆளுக்கு ஒரு இடத்தில் நிற்பார்கள்.

மூன்றாவது பல்லவியில் மூலமே அளவை மாற்றிக்கொள்கிறது. அங்கே அது மும்மூன்றாகப் பிரியும்: ‘ஃபா ல ல, ல ல ல, ல ல ல’. கெல்லியும் உடனே மாறுகிறார். ‘லல்லபை லில்லபாய் லூயிவில் லூ’. மூன்று, மூன்று, பிறகு கடைசித் தொகுதியில் ஒன்று கூடுதல். அங்கே முதல் சுரத்தின் ஒரு துடிப்பை ‘லூ-யி’ பிரித்துக்கொள்கின்றன. வரி முழுக்க ‘ல’கரம். தத்தகாரத்தை அகற்றிவிட்டு அதன் எழுத்தை மட்டும் தக்கவைத்திருக்கிறார். இதைக் காதால் மட்டும் செய்தாரா, விரல்விட்டு எண்ணினாரா என்பது நமக்கு முக்கியமில்லை. கணக்கு கச்சிதமாக விழுகிறது.

நான்கு பல்லவிகளின் முடிவையும் கவனியுங்கள். சூ, ரூ, லூ, லூ. இரண்டு துடிப்பு நீளவேண்டிய இடத்தில் திறந்த நெடில். அங்கே ‘ட்’டிலோ ‘க்’கிலோ முடியும் சொல்லைப் போட்டால் வாய் மூடிக்கொள்ளும், சுரம் செத்துவிடும். கடைசிச் சொல்லைத்தான் முதலில் தேடவேண்டும், அதற்கு முன்னால் வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உளறல் என்கிறோமே, இதில் இட்டுக்கட்டிய சொல் எத்தனை? மிகக் குறைவு. வாலா வாலா உண்மையான ஊர், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. ‘வாஷ்.’ என்பது செய்தித்தாள்கள் அந்த மாநிலத்தின் பெயரைச் சுருக்கி எழுதிய முறை. கலமசூ மிச்சிகன் மாநிலத்து நகரம். 1942இல் கிளென் மில்லரின் வாத்தியக் குழு அந்தப் பெயரை நாடு முழுவதும் முணுமுணுக்கவைத்தது. லூயிவில் லூ 1923ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் நாயகி. கடைசிப் பல்லவியில் வரும் ‘பூலா பூலா’ யேல் பல்கலைக்கழக மாணவர்களின் கால்பந்து முழக்கம், அதையடுத்து வருவது ஃபுளோரிடாவின் பென்சகோலா. கெல்லி வளர்ந்த பிரிட்ஜ்போர்ட்டுக்கும் யேல் இருக்கும் நியூஹேவனுக்கும் அதிக தூரமில்லை. எல்லாமே அமெரிக்க வாசகர் எங்கோ கேட்ட பெயர்கள். பெயர்ப்பலகைகளை மட்டும் கலைத்துப்போட்டு மெட்டுக்குள் அடுக்கியிருக்கிறார்.

‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோலின் உளறல் இதற்கு நேரெதிர். அங்கே இலக்கணம் சரியாக இருக்கும், சொற்கள் உலகத்திலேயே இல்லாதவை. கெல்லியிடம் சொற்கள் நிஜம், அவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. படக்கதைக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். காலைக் காப்பியோடு செய்தித்தாளைப் புரட்டுகிறவரின் கண், தெரியாத சொல்லில் தடுக்கினால் எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிடும். எழுத்துக்கூட்டும் கண்ணுக்கு மெட்டு கேட்காது. தெரிந்த சொல்லென்றால் கண் வழுக்கிக்கொண்டு ஓடும், நாலு கட்டம் தாண்டியபிறகுதான் ‘இப்போது என்ன படித்தேன்’ என்று திரும்பிப் பார்க்கும்.

பாட்டில் ஓர் அடி முழுசாக அர்த்தம் தருகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். நோரா டிராலியில் குளிரில் உறைகிறாள். இலக்கணம் சுத்தம், டிசம்பருக்குப் பொருத்தம், படம்கூட மனதில் வந்துவிடுகிறது. யார் நோரா, ஏன் டிராலி, முன்னால் வந்த சார்லி இவளுக்கு என்ன வேண்டும்? பதில் கிடையாது. இப்படி ஒரு அர்த்தமுள்ள அடி நடுவில் நிற்பதால்தான் மற்ற அடிகளுக்கும் ஏதோ ரகசிய அர்த்தம் இருக்கும் என்று வாசகர் துருவுகிறார். நான்கு அடியும் உளறலாக இருந்தால் துருவமாட்டார்.

துருவியவர்கள் ஒரு பாட்டைச் சுட்டிக்காட்டுவதுண்டு. 1949இல் பாஸ்டன் மேயர் தேர்தலுக்காக எழுதப்பட்டு, 1959இல் கிங்ஸ்டன் ட்ரியோ குரலில் பிரபலமான ‘எம்.டி.ஏ.’. கூடுதல் கட்டணம் கட்டமுடியாமல் பாஸ்டன் ரயிலிலிருந்து இறங்கவே முடியாமல் சுற்றும் மனிதனின் பெயர் சார்லி. பாஸ்டன், சார்லி, வண்டி மூன்றும் ஒத்துப்போகத்தான் செய்கின்றன. ஆனால் ‘பௌஸ்’, ‘ஹாலி’, ‘ஜாலி’ என்ற மூன்று ஒலிகளுக்குள் நின்று சொல் தேடுகிற எவரும் அந்த மூன்று சொற்களை வந்து தொடுவார். அதை விளக்க ரயில் தேவையில்லை.

இன்னொரு நுட்பம், யார் பாடுகிறார்கள் என்பது. சதுப்பு நிலத்தவர் எல்லோரும் ஒரே வரிகளை ஒப்புக்கொள்வதில்லை. வேட்டைநாய் போரிகார்ட் தனக்குத் தெரிந்ததுதான் சரியான பாடம் என்று நிற்கும். அது தொடங்குவது ‘பார்க் அஸ் ஆல் பௌ-வௌஸ் ஆஃப் ஃபாலி’ என்று. நாய்க்குத் தகுந்தாற்போல் குரைப்பும் லொள்லொள்ளும். ஒலியளவில் இது சார்லியைவிட மூலத்துக்கு நெருக்கம்: ‘பௌஸ் ஆஃப் ஹாலி’ கிட்டத்தட்ட அப்படியே ‘வௌஸ் ஆஃப் ஃபாலி’யாகியிருக்கிறது. பதிலுக்கு முதல் சொல் ‘டெக்’கைப் பலிகொடுத்திருக்கிறார். வாசகர் காதில் மெட்டு ஏற்கெனவே ஓடுவதால் அந்தச் செலவு கட்டுபடியாகிறது. ஆண்டுதோறும் அதே கேரல், அதே சண்டை. ஒரு கட்டத்தில் பகடியே கேரல் ஆகிவிட்டது. 1963இல் வந்த போகோ தொகுப்பின் தலைப்பே அந்தப் பாட்டின் முதல் வரிதான்.

‘குட் கிங்’குக்கு வருகிறேன். ஜான் மேசன் நீல் 1853இல் எழுதிய கேரல் அது. பொஹிமியாவின் வென்சஸ்லாஸ் அரசர் டிசம்பர் 26, புனித ஸ்தேவான் திருநாளன்று வெளியே எட்டிப்பார்க்கிறார். ‘லுக்ட் அவுட்’ என்றால் எட்டிப்பார்த்தார். கெல்லி அரசருக்கு ‘சவர்க்ரௌட்’ என்று பெயர் வைக்கிறார், புளிக்கவைத்த முட்டைக்கோஸ். பிறகு ‘லுக்ட்’ என்பதன் ‘ட்’டைக் கழற்றிவிட்டு ஒரு ஆச்சரியக்குறி போடுகிறார்: ‘லுக் அவுட்!’ கதைசொல்லும் வாக்கியம் ‘ஐயா, பார்த்து!’ என்ற எச்சரிக்கையாகிவிடுகிறது. அடுத்து ‘ஃபீஸ்ட் ஆஃப் ஸ்டீஃபன்’ என்ற திருநாள், ‘ஃபீட்ஸ் அன்ஈவன்’ என்று ஏறுக்குமாறான பாதங்களாகிறது. அரசர் தடுக்கி விழப்போகிறார். கழற்றியது ஒரு மெய், போட்டது ஒரு குறி. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய விபத்தை வேறு யாரும் உண்டாக்கியதில்லை.

ஒரு மெய்யில், ஒரு குறியில் எல்லாம் தொங்குவதால் எழுத்துவேலை உயிர்நிலை. கெல்லி எழுத்தில் வித்தை காட்டியவர். டீக்கன் மஷ்ராட் என்ற கஸ்தூரி எலி பேசினால் பலூனுக்குள் பழைய ஜெர்மன் பைபிள்போல் கோதிக் எழுத்து இருக்கும். பி.டி. பிரிட்ஜ்போர்ட் என்ற கரடி பேசினால் சர்க்கஸ் சுவரொட்டி எழுத்து. பாட்டு என்று வரும்போது வேலை இன்னும் கூடும். பலூனுக்குள் வரியை எங்கே உடைப்பது? மெட்டு மூச்சுவிடும் இடத்தில் உடைக்கவேண்டும். ‘வாலா வாலா’வை இரண்டு வரியாகப் பிரித்தால் நாலு அரைத் துடிப்பு இரண்டிரண்டாக நொண்டும். ‘வாஷ்.’ என்பதன் முற்றுப்புள்ளி மலிவான செய்தித்தாள் காகிதத்தில் மறைந்துபோனால் மாநிலம் சலவை ஆகிவிடும். ‘அன்ட்’ என்பதை ‘ஆன்’ என்று முடக்கும் மேற்குறி மறைந்தாலும் அதே கதி. செய்தித்தாள் மை காகிதத்தில் ஊறிப் பரவும், எழுத்துகளின் உள்வட்டங்கள் அடைபடும். அதனால் பாட்டு வரும் நாளில் வசனத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கவேண்டும், பின்னணிக் காட்டைக் கொஞ்சம் வெட்டவேண்டும். நாலு கட்டம் என்றால் மூன்றில் பாட்டு, நாலாவதில் சண்டை என்பதே தாங்கும். நாலிலும் பாட்டென்றால் நகைச்சுவைக்கு இடமில்லாமல் போகும்.

காலக்கணக்கும் உண்டு. தினசரிப் பட்டை அச்சாகும் நாளுக்குப் பல வாரம் முன்னரே சிண்டிகேட் கைக்குப் போய்விடவேண்டும், ஞாயிறு வண்ணப் பக்கம் இன்னும் முன்னால். கிறிஸ்துமஸ் பாட்டு எழுதுகிறவருக்கு அக்டோபரிலேயே பனி கொட்டியாகவேண்டும். அந்த வருடத்துச் செய்தியை நுழைக்கலாமா என்ற ஆசை அங்கேயே அடிபட்டுப்போகிறது. இத்தனை வாரத்தில் எந்தச் செய்தி நாறும், எது உயிரோடிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உளறலுக்குக் காலாவதி கிடையாது. (அரசியல் வாரங்களில் கெல்லி வேறொரு தந்திரம் வைத்திருந்தார். காரமான பட்டைகளைப் போடப் பயப்படும் ஆசிரியர்களுக்கென்று முயல்குட்டிகள் துள்ளும் மாற்றுப் பட்டைகளையும் வரைந்து அனுப்புவார். உங்கள் நாளிதழில் முயல் வந்தால் ஆசிரியர் எதையோ மறைக்கிறார் என்று புரிந்துகொள்ளவேண்டும்.)

பாட்டை மறுபிரதி எடுப்பவர்கள் செய்யும் கெடுதலையும் சொல்லவேண்டும். இணையத்தில் உலவும் பிரதிகளில் எழுத்து ‘திருத்தப்பட்டே’ கிடைக்கிறது. காலிஃப்ளவருக்கு முன்னால் வரும் ‘ஸ்வாலர் டாலர்’ என்பதை ‘ஸ்வாலோ’ என்று சரியாக எழுதிவிடுகிறார்கள். பேச்சுவழக்கு போனதோடு ‘டாலர்’ என்பதோடு இருந்த இயைபும் போயிற்று. உளறல் பாட்டில் எழுத்துப்பிழை மாதிரித் தெரிவதில் பாதி பிழையே கிடையாது, அளவுக்காக வைத்தது. சந்தேகம் வந்தால் அச்சடித்த தொகுப்பில் கெல்லியின் கையெழுத்தையே பார்ப்பது நல்லது.

இதே காலத்தில் ‘மேட்’ என்ற நகைச்சுவை இதழ் போன வழி வேறு. அங்கே பாட்டுப் பகடி முழுக்க அர்த்தத்தோடு இருக்கும், நோயைப் பற்றி, வரியைப் பற்றி, பேஸ்பாலைப் பற்றி. மூலத்தின் ஒலியைவிட அர்த்தம்தான் அதற்கு முக்கியம். அதனால் ஒவ்வொன்றின் மேலும் ‘இன்ன பாட்டின் மெட்டில்’ என்று அறிவிப்புப் போட்டே ஆகவேண்டியிருந்தது. 1961இல் அப்படி ஒரு தொகுப்பு வெளியிட்டதற்காக இர்விங் பெர்லின் உள்ளிட்ட பாடலாசிரியர்களின் தரப்பு 25 பாடல்களைக் குறிப்பிட்டு வழக்குப் போட்டது. 1964இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேட் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே யாப்பில் எழுதுவதற்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்ற நிலை அதில் உறுதியானது. கெல்லி எடுத்தவையோ நூறாண்டு பழைய கேரல்கள், அவற்றுக்காக வழக்குப் போட யாரும் இல்லை. பகடி எழுத உட்காருகிறவர் பழைய கேரலை எடுப்பது பாதுகாப்புக்கும் நல்லது, ஒலிக்கும் நல்லது. பழையதைத்தான் எல்லோரும் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்திருப்பார்கள்.

லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் என்ற ஜாஸ் மூவர் பாஸ்டன் சார்லியைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள், 1962இல் வந்த கிறிஸ்துமஸ் ஜாஸ் இசைத்தட்டில் இருக்கிறது. அருமையாகப் பாடுகிறார்கள். ஆனாலும் குரலில் கேட்கும்போது ஒன்று குறைகிறது. மெட்டை அவர்களே தந்துவிடுவதால், அதை நாமே கண்டுபிடிக்கும் குதூகலம் போய்விடுகிறது.

தமிழில் இதைச் செய்துபார்க்க முடியுமா? முடியும், கணக்கு கொஞ்சம் மாறும். ஆங்கிலத்தில் அழுத்தம் காப்பாற்றப்பட்டால் போதும். தமிழ்க் காது குறில் நெடிலைக் கேட்கும். நீளும் சுரத்தில் குறில் வந்தால் சொல்லே வேறாகிவிடும், அரைத் துடிப்பில் நெடில் வந்தால் நாக்கு இடறும். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டான ‘ஜிங்கிள் பெல்ஸ்’ஸை எடுத்துக்கொள்வோம், 1857இல் வெளியானது. ‘ஜிங்கிள் பெல்ஸ், ஜிங்கிள் பெல்ஸ், ஜிங்கிள் ஆல் த வே’ என்பதை ஒலி பிசகாமல் மாற்றினால்:

இங்கு நெல், இங்கு நெல், இங்கு நாலு வை.

‘ஆல்’ ஒன்றரைத் துடிப்பு, அங்கே ‘நா’ நெடில். ‘த’ அரைத் துடிப்பு, அங்கே ‘லு’ குறில். ‘வே’ நாலு துடிப்பு நீளும், ‘வை’யை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அடுத்து ‘ஓ வாட் ஃபன் இட் இஸ் டு ரைட்’ ஏழு ஒலி:

ஓலைப் பாய் விரித்து வை.

‘ஃபன்’ ஒன்றரைத் துடிப்பில் ‘பாய்’, ‘இட்’ அரையில் ‘வி’, ‘ரைட்’ இருந்த இடத்தில் ‘வை’. அளவு சரி. ஆனால் இங்கே ஆபத்து எட்டிப்பார்க்கிறது: நெல், பாய், காயவைப்பது என்று அர்த்தம் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் ஒரு அடி இப்படியே போனால் அது விவசாயப் பாட்டாகிவிடும். கெல்லி நோராவுக்குப் பிறகு காலிஃப்ளவருக்குத் தாவியதுபோல் இங்கே தாவவேண்டும். ‘இன் அ ஒன் ஹார்ஸ் ஓபன் ஸ்லே’:

இன்னா, வந்தா ஓணான் லே!

சென்னையில் தொடங்கி நெல்லையில் முடியும் ஓர் அடி. ‘ஓபன்’ இருந்த இடத்தில் ஓணான் அச்சாகப் பொருந்துகிறது. ‘ஸ்லே’க்கு ‘லே’, இரண்டு துடிப்பும் திறந்த நெடில். குறை என்று பார்த்தால் ‘இன்னா’வின் ‘னா’ அரைத் துடிப்பில் நெடிலாக இருக்கிறது. வேகமாகப் பாடினால் தானே ‘இன்ன’ என்று குறுகிக்கொள்ளும், மெதுவாகப் பாடுகிறவருக்கு இடறும். வேறு சொல் கிடைத்தால் மாற்றலாம், ஆனால் அதற்காக ஓணானை விடக்கூடாது.

எழுதி முடித்ததும் சோதிக்க ஒரே வழிதான். மெட்டு இன்னதென்று சொல்லாமல், அந்தக் கேரல் தெரிந்த ஒருவரிடம் காகிதத்தை மட்டும் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லவேண்டும். இரண்டாம் அடிக்குள் குரல் தானாக மெட்டுக்கு ஏறவேண்டும். ஏறவே இல்லையென்றால் முதல் சொல் தவறு. ஏறிவிட்டு நடுவில் உரைநடைக்கு இறங்கினால், இறங்கிய இடத்துக்கு முந்தைய சுரத்தில் ஒலி குறைந்திருக்கும் அல்லது குறில் நெடில் மாறியிருக்கும். கடைசியில் குரல் நீளாமல் பட்டென்று வெட்டுப்பட்டால் ஈற்றில் ஒரு மெய் மாட்டிக்கொண்டிருக்கும். படித்து முடித்து ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் பயப்படவேண்டாம், அது தேறிவிட்டது. படிக்கும்போதே தலையாட்டி ‘ஆமாம், விலைவாசி அப்படித்தான் இருக்கு’ என்றால் எங்கோ அர்த்தம் கசிந்திருக்கிறது, அந்த அடியைக் கிழித்துப்போட்டுவிட்டு ஒரு ஊர்ப்பெயரைத் தேடவேண்டும்.